10,050 ஏக்கர் எங்கே போனது? இந்தியா–வங்கதேச எல்லைக் கணக்கு

குறுக்குக்கேள்வி | ஜூன் 3, காலை 8.12

2015ல் வங்கதேசத்துக்கு 17 ஆயிரம் ஏக்கரைக் கொடுத்துவிட்டு 7 ஆயிரம் ஏக்கரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். இதைப் போய் ராஜதந்திர வெற்றி என்கிறார்கள். பத்தாயிரம் ஏக்கர் துண்டு விழுந்த கணக்கு எந்த ஊர் வெற்றி? அதோடு, 1974ல் கையெழுத்தான உடன்படிக்கை 41 வருஷம் கிடப்பில் கிடந்தது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும். தேசபக்தி வகுப்பு வேண்டாம்.

எல்லைக்கல் | ஜூன் 3, காலை 9.40

முதலில் கணக்கை முழுசாக எழுதுவோம்.

சிட்மஹல் என்றால் ஒரு நாட்டுக்குச் சொந்தமாக இருந்து, சுற்றிலும் அடுத்த நாட்டு நிலம் சூழ்ந்த துண்டு. இந்தியாவிடமிருந்து போனவை 111 சிட்மஹல்கள், 17,160.63 ஏக்கர். வந்தவை 51, 7,110.02 ஏக்கர். வித்தியாசம் 10,050.61 ஏக்கர், சதுர கிலோமீட்டரில் 40.7 சொச்சம். இதுவரை நீங்கள் சொன்னது சரி.

நீங்கள் விட்டது எதிரிடை அனுபவ நிலங்கள். காகிதத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆனால் பல தலைமுறையாக உழுவது இந்தப் பக்கத்துக்காரன். அந்த வகையில் இந்தியாவுக்கு 2,777.038 ஏக்கர் வந்தது, 2,267.682 ஏக்கர் போனது. ஆக 509 ஏக்கர் இந்தியாவுக்கு வரவு.

இன்னொன்று எண்ணில் வராது. அந்த 17 ஆயிரம் ஏக்கரில் இந்திய அரசு என்ன வைத்திருந்தது? காவல் நிலையம் இல்லை, பள்ளி இல்லை, ரேஷன் இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை. ஓர் இந்திய அதிகாரி அங்கே போகவேண்டுமென்றால் சுற்றியிருக்கிற நாட்டிடம் அனுமதி கேட்கவேண்டும். 1947லிருந்து வரைபடத்தில் நிறம் மட்டும் நம்முடையதாக இருந்தது. கைக்கு வராத நிலத்தைக் கைவிட்டுப் போனது என்று எழுதினால் எப்படி?

எல்லைக்கல் | ஜூன் 3, காலை 10.05

திருத்தம். 1947 என்று எழுதிவிட்டேன், தவறு. ரங்பூர் (இன்று வங்கதேசத்தில்) 1947லேயே பாகிஸ்தானுக்குப் போய்விட்டது; ஆனால் கூச் பெஹார் அப்போது தனி சமஸ்தானம். 1949 செப்டம்பரில்தான் அதன் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1950 ஜனவரி 1ல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. ஆக, இந்தச் சிட்மஹல்கள் இரண்டு நாடுகளுக்கு இடையிலான சிக்கலானது 1949ல்.

பாய்மரம் | ஜூன் 3, பகல் 12.30

கூச் பெஹார் ராஜாவும் ரங்பூர் ஃபௌஜ்தாரும் (முகலாய அதிகாரி) சதுரங்கம் ஆடி, ஊர்களைச் சீட்டில் எழுதிப் பந்தயம் வைத்துத் தோற்றார்களாமே? அந்தச் சீட்டுகள்தான் இந்தக் கிராமங்கள் என்று படித்தேன்.

எல்லைக்கல் | ஜூன் 3, பகல் 12.52

கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. 1711–13 வாக்கில் கூச் பெஹாருக்கும் முகலாயருக்கும் சண்டை ஓய்ந்து சமாதானம் ஆனபோது, அவரவர் படை பிடித்து வைத்திருந்த துண்டுகள் அவரவரிடமே நின்றுவிட்டன. அன்றைக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. வரி யாருக்குக் கட்டுவது என்பது மட்டுமே வேறு, நடமாட்டத்துக்குத் தடையில்லை. பாஸ்போர்ட், விசா என்று ஒன்று வந்த பிறகே ஊர் சிறையானது.

சதுரங்கம் ஆடியிருந்தால்கூட இவ்வளவு குழப்பமாக ஆடியிருக்க முடியாது. தஹலா காக்ராபாரி என்று ஒரு துண்டு, சுமார் 7,000 சதுர மீட்டர், சணல் விளைந்த வயல். அது இந்தியா. அதைச் சுற்றி உபன்சௌகி பஜ்னி, வங்கதேசம். அதைச் சுற்றி பாலாபாரா காக்ராபாரி, மறுபடி இந்தியா. அதைச் சுற்றி வங்கதேசம். 2015 வரை இப்படித்தான்; உலகத்தில் வேறெங்கும் இப்படி மூன்றடுக்கு இருந்ததில்லை. ஒன்றே முக்கால் ஏக்கர் வயல், அதற்கு மூன்று சர்வதேச எல்லை.

குறுக்குக்கேள்வி | ஜூன் 3, மாலை 6.20

அப்படியானால் பரிமாற்றத்தில் அதை எப்படிக் கணக்கு எழுதினார்கள்? நாலு தடவை கைமாறியதா?

எல்லைக்கல் | ஜூன் 3, இரவு 8.15

இல்லை. விதி எளிது: அடுத்த நாட்டின் வெளி எல்லைக்குள் எந்த அடுக்கில் இருந்தாலும், இந்த நாட்டுத் துண்டு மட்டுமே கைமாறும். பாலாபாரா (இந்தியா) வங்கதேசத்துக்குப் போனது. அதற்குள் இருந்த உபன்சௌகி ஏற்கெனவே வங்கதேசம், அதைத் தொடவேண்டியதே இல்லை, தானாகக் கரைந்துவிட்டது. நடுவில் இருந்த வயல் இந்தியா என்பதால் அதுவும் போனது. அதாவது வெளி வளையமும் நடுப்புள்ளியும் மாறின, இடை வளையம் அசையவில்லை. ஆவணங்களில் "பரிமாறத்தக்க" சிட்மஹல்கள் என்று ஒரு சொல் வரும், 111ம் 51ம் அந்த வகை. சிட்மஹல்களின் மொத்த எண்ணிக்கை ஒவ்வொரு நூலில் ஒவ்வொரு மாதிரி வருவதற்குக் காரணம் இந்த உள்துண்டுகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதே.

சட்டப்புள்ளி | ஜூன் 4, காலை 7.45

41 வருஷக் கேள்விக்கு வருகிறேன். 1974லிருந்து எண்ணினால் பாதிக் கதை போய்விடும். 1958லிருந்து எண்ணவேண்டும்.

1958 செப்டம்பர் 10, நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் செய்த ஒப்பந்தம். அதில் இரண்டு விஷயம்: மேற்கு வங்க எல்லையில் இருக்கிற பேருபாரி யூனியன் எண் 12 என்ற ஊர்த்தொகுதியை இரண்டாகப் பிரிப்பது; சிட்மஹல்களைப் பரிமாறிக்கொள்வது. பாகிஸ்தானுக்குக் கூடுதலாகப் போகும் பரப்புக்கு இழப்பீடு கேட்பதில்லை என்று அன்றைக்கே எழுதியாகிவிட்டது. ஆக குறுக்குக்கேள்வி கேட்கும் பத்தாயிரம் ஏக்கரின் விடை 2015ல் இல்லை, 1958ல் இருக்கிறது. 1974 உடன்படிக்கையும் அதே வாசகத்தைத்தான் எடுத்துக்கொண்டது, பாகிஸ்தான் இருந்த இடத்தில் வங்கதேசம்.

பேருபாரி எப்படித் தகராறானது என்பதைப் பாருங்கள். 8.75 சதுர மைல் இடம். 1947 பிரிவினைக் கோட்டை வகுத்த ராட்கிளிஃப் தீர்ப்பின் வர்ணனையில் அந்தப் பகுதித் தாணாக்களில் (காவல் நிலையச் சரகங்களில்) ஒன்றின் பெயர் விடுபட்டுப்போனது. இணைத்த வரைபடம் ஒன்றைக் காட்டியது. முரண்பட்டால் எழுத்து வர்ணனையே செல்லும், வரைபடம் அல்ல என்று தீர்ப்பிலேயே விதி இருந்தது. இந்தியா எழுத்தைப் பிடித்தது, பாகிஸ்தான் வரைபடத்தைப் பிடித்தது. அதுவும் 1952ல்தான் பிரச்சினையைக் கிளப்பியது. 1950ல் தீர்ப்புச் சொன்ன, ஸ்வீடன் நீதிபதி பாகே தலைமையிலான தீர்ப்பாயத்தின் முன்னால் போன நான்கு தகராறில் பேருபாரி இல்லவே இல்லை.

அப்புறம் மேற்கு வங்கத்தில் எதிர்ப்பு. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 1960 மார்ச் 14: நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்கு ஒப்படைக்க நிர்வாக ஆணை போதாது, அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் சாதாரணச் சட்டமும் போதாது, அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அதனால் வந்தது ஒன்பதாவது திருத்தம், 1960 டிசம்பர். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. வழக்குகள், பிறகு 1965 போர், பிறகு 1971.

சட்டப்புள்ளி | ஜூன் 4, காலை 8.10

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்கவேண்டும். முகவுரை அரசியல் சட்டத்தின் பகுதியல்ல என்று சொன்னதும் இந்த பேருபாரிக் கருத்துத்தான். 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் அது தவறு என்றானது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு பேருபாரி என்றாலே முகவுரைதான் ஞாபகம் வரும். அது ஓர் ஊர் என்பதே பலருக்குத் தெரியாது.

எல்லைக்கல் | ஜூன் 4, இரவு 9.30

1974 மே 16, இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் போட்ட இந்திரா–முஜிப் உடன்படிக்கை. அந்த வருஷம் நவம்பரிலேயே வங்கதேசம் தன் அரசியல் சட்டத்தை மூன்றாவது முறை திருத்தி வேலையை முடித்துவிட்டது. இந்தியப் பக்கம் நின்றது. காரணம் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு: ஏற்பு ஆவணங்களை மாற்றிக்கொண்டால்தான் அமலுக்கு வரும். இந்தியா சொன்னது, "கோடு முழுதும் அளந்து முடியட்டும், எவ்வளவு நிலம் என்று தெரியாமல் எதை வைத்துச் சட்டத் திருத்தம் போடுவது?" கேட்டால் நியாயம்தான். ஆனால் மொத்தம் 4,096.7 கி.மீ. எல்லையில் கடைசியாக மிச்சம் நின்றது வெறும் 6.1 கி.மீ. மூன்று இடம்: மேற்கு வங்கத்தில் தைகாட்டா-56, திரிபுராவில் பெலோனியா பக்கத்து முஹுரி ஆறு, அசாமில் லாத்திதிலா–துமாபாரி. அந்த ஆறு கிலோமீட்டர் நாலாயிரத்தையும் கட்டிப்போட்டது.

மாற்றி யோசித்தால் அது உண்மையான காரணம் மட்டும் அல்ல, வசதியான காரணமும்கூட. திருத்தத்துக்கு இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மேற்கு வங்கம், அசாம் இரண்டிலும் உள்ளூர் எதிர்ப்பு. அளவை முடியவில்லை என்பது யாருக்கும் தலைவலி தராத பதில்.

பாய்மரம் | ஜூன் 5, காலை 6.50

அளப்பது என்றால் என்ன செய்வார்கள்? 6 கிலோமீட்டர் அளக்க 37 வருஷமா? நம்மூர் சர்வேயரைக் கூட்டிப்போயிருந்தால் ஒரு சங்கிலியோடு ரெண்டு நாளில் முடித்திருப்பாரே.

எல்லைக்கல் | ஜூன் 5, இரவு 10.20

சங்கிலி போடுவது கடைசி வேலை. வரிசை இப்படி.

எந்த ஆவணம் செல்லும் என்று முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். ராட்கிளிஃப் வர்ணனை பெரும்பாலும் தாணா எல்லை, மாவட்ட எல்லை, ஆறு என்றே பேசும். தாணா எல்லை என்றால் எந்த வருஷத்து அறிவிக்கை, எந்த மௌஜா (வருவாய்க் கிராம) வரைபடம்? பாதிச் சண்டை இங்கேயே. பிறகு இரு தரப்பு நில அளவைத் துறையும் சேர்ந்த குழு களத்தில் இறங்கும். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த மாதங்களில் மட்டுமே நடக்கும் வேலை. ஒரு பருவம் தகராறில் போனால் அடுத்த வருஷம்தான். இரண்டு குழுவும் ஒரே புள்ளியில் இருந்து கிளம்பி ஒரே புள்ளியில் வந்து சேரவேண்டும். சேரவில்லையென்றால் எங்கே விலகியது என்று பின்னோக்கி நடக்கவேண்டும். சேர்ந்தால் பிரதான தூண், இடையிடையே துணைத் தூண். அதன் பிறகு எல்லையை ஒட்டிய பட்டை மட்டும் காட்டும் பட்டை வரைபடம், இரு பிரதிகள், ஒவ்வொரு தாளிலும் முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருவரின் கையெழுத்து. தாள்கள் ஆயிரத்துக்கும் மேல். தூண் நட்டதும் எல்லை முடிந்தது என்று நினைப்பார்கள். தூண் காணாமல் போகும், வெள்ளம் கொண்டுபோகும், யாராவது பிடுங்கி வைப்பார்கள். கையெழுத்தான தாள் இருந்தால் அதே இடத்தில் மறுபடி நடலாம். தாள் இல்லாத தூண் வெறும் கல்.

முஹுரியில் சிக்கல் ஆறு. ஆற்றின் நடுவோட்டம் எல்லை என்றால், ஆறு நகர்ந்தால் எல்லையும் நகருமா? 1974ல் தெளிவாக எழுதினார்கள்: அளக்கும் நேரத்தில் நடுவோட்டம் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை, அது நிலைத்த எல்லை. ஆறு நகராதபடி இரு பக்கமும் கரை கட்டவேண்டும். சரி, அளக்கும் நேரம் எது? ஆறு ஒரு பக்கம் கரையை அரித்து மறுபக்கம் திட்டு போட்டுக்கொண்டே இருந்தது. திட்டு எந்தப் பக்கம் சேருகிறதோ அந்தத் தரப்புக்கு "இப்பவே அளப்போம்" என்று அவசரம். மற்றவருக்கு அடுத்த வெள்ளம் வரட்டும் என்று பொறுமை. இப்படித்தான் சார் 37 வருஷம்.

குறுக்குக்கேள்வி | ஜூன் 6, காலை 9.00

இதெல்லாம் புரிகிறது. ஆனால் 2011ல் மட்டும் திடீரென்று எப்படி முடிந்தது? ஆறு நின்றுவிட்டதா?

எல்லைக்கல் | ஜூன் 6, பகல் 1.35

2011 செப்டம்பர் 6, டாக்காவில் மன்மோகன் சிங்–ஹசீனா (அப்போதைய வங்கதேசப் பிரதமர்) புரோட்டோகால், அதாவது 1974 உடன்படிக்கைக்குத் துணை ஒப்பந்தம். அதில் மூன்று இடத்துக்கும் கோடு எழுதிவிட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் எதிரிடை அனுபவ நிலத்தில். 1974 என்ன சொன்னது? பட்டை வரைபடம் கையெழுத்தாகி ஆறு மாதத்துக்குள் அந்த நிலங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அதாவது கோடு நிற்கும், மனிதர் நகரவேண்டும். 2011 அதைத் தலைகீழாக்கியது: மனிதர் நிற்கட்டும், கோடு நகரட்டும். யார் உழுகிறாரோ அவர் நாட்டுக்குள் விழும்படி கூட்டாக அளந்து கோட்டையே மாற்றி வரைந்தார்கள்.

என் பார்வையில் முடிச்சு அவிழ்ந்த இடம் இதுதான். சிட்மஹல் பரிமாற்றம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி, அதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் சுடப்பட்டுச் செத்தது எதிரிடை அனுபவ நிலத்துக்காக. 2001 ஏப்ரலில் மேகாலயாவின் பிர்திவாவிலும் அசாம் எல்லையில் போரைபாரியிலும் நடந்த மோதலில் இந்திய எல்லைப் பாதுகாப்புப் படையினர் 16 பேர் இறந்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த இரண்டு பெயரும் புரோட்டோகாலின் பட்டியலில் இரண்டு வரியாக வருகின்றன: பிர்திவா இந்தியாவோடு, போரைபாரி வங்கதேசத்தோடு. கையில் வைத்திருந்தவரிடமே நின்றது.

சட்டப்புள்ளி | ஜூன் 6, மாலை 5.10

புரோட்டோகாலுக்குப் பிறகும் நாலு வருஷம் ஆனதைச் சொல்லாமல் விட்டீர்கள். டாக்கா பயணத்தில் தீஸ்தா நீர்ப் பங்கீடும் கையெழுத்தாக வேண்டியது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி கடைசி நேரத்தில் பயணத்திலிருந்து விலகினார், தீஸ்தா நின்றது. நில எல்லை கையெழுத்தானது, ஆனால் 2013 டிசம்பர் வரை மசோதா மாநிலங்களவைக்கே வரவில்லை. 119வது திருத்த மசோதா என்று வந்தது. 2015 மே 6 மாநிலங்களவை, 181க்கு 0. மறுநாள் மக்களவை, 331க்கு 0. நூறாவது திருத்தச் சட்டம் ஆனது. மசோதா எண் 119, சட்ட எண் 100. இரண்டும் ஒன்றுதான், குழம்பவேண்டாம். ஜூன் 6ல் டாக்காவில் மோடியும் ஹசீனாவும் இருக்க ஏற்பு ஆவணங்கள் கைமாறின. ஜூலை 31 நள்ளிரவு அமல்.

ஒரு ஓட்டுக்கூட எதிர்த்து விழாத ஒன்று எதற்கு 41 வருஷம் காத்திருந்தது என்று கேட்காதீர்கள். காத்திருந்ததால்தான் எதிர்ப்பு வற்றியது.

எல்லைக்கல் | ஜூன் 6, மாலை 5.40

கடைசி வரியை ஏற்கமாட்டேன். அது தானாக வற்றவில்லை. 2013ல் எதிர்த்த பாஜகவே 2015ல் கொண்டுவந்தது. மறுவாழ்வுச் செலவை மத்திய அரசு ஏற்கும் என்றானபின் மேற்கு வங்கமும் இசைந்தது. காலம் எதையும் வற்றவைக்காது, யாராவது இறைக்கவேண்டும்.

பாய்மரம் | ஜூன் 7, காலை 7.05

கேட்கவேண்டும் என்று நாலு நாளாக அடக்கி வைத்திருந்தேன். நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் கட்டாயம் என்றால் கச்சத்தீவுக்கு ஏன் போடவில்லை?

சட்டப்புள்ளி | ஜூன் 7, காலை 9.25

தமிழ் இழையில் நாலு நாள் தாங்கியதே அதிசயம்.

விடை ஒரு சொல்லில் இருக்கிறது: "ஒப்படைப்பா, தீர்வா?" பேருபாரிக்கு அடுத்து படிக்கவேண்டியது கட்ச் ரண் (குஜராத்–பாகிஸ்தான் எல்லையில் இருக்கும் உப்புச் சதுப்பு நிலம்) வழக்கு. 1965 சண்டைக்குப் பிறகு தகராறு மூன்று பேர் தீர்ப்பாயத்துக்குப் போனது. பாகிஸ்தான் கேட்டது சுமார் 3,500 சதுர மைல். 1968 பிப்ரவரி 19 தீர்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. உடனே மகன்பாய் படேல் வழக்கு: அரசியல் சட்டத் திருத்தம் இல்லாமல் எப்படிக் கொடுக்கலாம்? 1969ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கோடு எங்கே என்பதே தகராறாக இருந்தபோது கோட்டைக் கண்டுபிடித்துக் குறிப்பது ஒப்படைப்பு ஆகாது, அதற்குத் திருத்தம் தேவையில்லை, நிர்வாக நடவடிக்கை போதும். பேருபாரியில் இந்தியா தன் கையில் வைத்திருந்த, தன்னுடையது என்றே சொல்லிவந்த நிலத்தைப் பிரித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டது, அது ஒப்படைப்பு.

1974 ஜூன் கச்சத்தீவு ஒப்பந்தத்தை மத்திய அரசு கட்ச் பெட்டியில் போட்டது: அந்த 285 ஏக்கர் தகராறில் இருந்தது, கோடு குறிக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே எதையும் ஒப்படைக்கவில்லை. 2013ல் உச்ச நீதிமன்றத்திலும் இதையே சொன்னது. எதிர்த் தரப்பு பேருபாரிப் பெட்டி என்கிறது: ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்கள் இருக்கும்போது தகராறு எங்கே வந்தது? வழக்கே அந்த இரண்டு பெட்டிக்கு நடுவில்தான்.

கவனிக்கவேண்டியது: கச்சத்தீவு ஒப்பந்தம் இந்திரா–முஜிப் உடன்படிக்கைக்கு ஆறே வாரம் பின்னால் கையெழுத்தானது. ஒரே பிரதமர். ஒன்று திருத்தத்துக்காக 41 வருஷம் நின்றது, மற்றது சில வாரங்களிலேயே அமலானது.

எல்லைக்கல் | ஜூன் 7, காலை 9.50

இழை கடலில் இறங்குமுன் கரைக்கு இழுக்கிறேன். கச்சத்தீவுக்குத் தனி இழை போடுங்கள். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆறாம் பிரிவும் 1976 கடிதங்களும் இல்லாமல் அதைப் பேசினால் வெறும் கூச்சல்தான்.

பாய்மரம் | ஜூன் 7, காலை 10.02

கடல் என்றதும் ஞாபகம். வங்கதேசத்தோடு கடல் எல்லையும் முடிந்ததே, அது பேச்சுவார்த்தையா வழக்கா?

எல்லைக்கல் | ஜூன் 7, இரவு 8.45

வழக்கு. 2009ல் வங்கதேசம் போனது, 2014 ஜூலை 7 ஹேக் தீர்ப்பாயம் முடித்தது. தகராறில் இருந்த 25,602 சதுர கி.மீ. கடலில் 19,467 வங்கதேசத்துக்கு. கரை உள்நோக்கி வளைந்திருப்பதால் சமதூரக் கோடு போட்டால் வங்கதேசத்தின் கடல் முக்கோணமாகச் சுருங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். தீர்ப்பாயம் அதை ஓரளவு ஏற்றுக் கோட்டைத் திருப்பியது. நியூ மூர் என்றும் தெற்கு தல்பட்டி என்றும் பெயர் வைத்து இரு நாடும் உரிமை கொண்டாடிய தீவு அதற்குள் கடலுக்குள்ளேயே போய்விட்டது. பெயர் இரண்டு இருந்தது, தீவு இல்லை.

நிலத்தில் 40 சதுர கிலோமீட்டருக்குப் பதறிய யாரும் கடலில் 19 ஆயிரத்துக்கு வாய் திறக்கவில்லை. இந்தியா தீர்ப்பை ஏற்றது.

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, காலை 8.30

என் பத்தாயிரம் ஏக்கரை நான் விட்டுவிட்டேன். இனி மனிதர் கணக்கு சொல்லுங்கள். நிலம் மாறியபோது உள்ளே இருந்தவர்கள்?

எல்லைக்கல் | ஜூன் 8, இரவு 9.15

2011 ஜூலையில் இரு நாடும் கூட்டாகத் தலை எண்ணினார்கள். மொத்தம் 51,549 பேர்: வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியச் சிட்மஹல்களில் 37,334, இந்தியாவுக்குள் இருந்தவற்றில் 14,215. 2015 ஜூலை 6 முதல் 16 வரை மறுபடி வீடு வீடாகப் போய் "எந்த நாடு வேண்டும்" என்று கேட்டு எழுதினார்கள். 1974லேயே மூன்றாம் பிரிவு சொல்லியிருந்தது: இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், நிலம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுக் குடிமகனாக. விரும்பினால் பழைய நாட்டுக்குப் போகலாம் என்பது கூடுதல் வாய்ப்பு.

இந்தியாவுக்கு வருகிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே. இந்தியப் பக்கத்தில் இருந்த 51ல் இருந்து வங்கதேசம் போகிறேன் என்றவர் ஒருவரும் இல்லை. வந்தவர்கள் 2015 நவம்பர் 30க்குள் குறித்த சோதனைச் சாவடிகள் வழியாக வந்தார்கள். தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி மூன்று இடத்தில் முகாம்.

தவறு நடந்தது பட்டியலில். அடிப்படை 2011 தலைக்கணக்கு. அதன்மேல் பிறப்பு, இறப்பு, திருமணம் சேர்த்துத் திருத்தினார்கள். 2011ல் வெளியூரில் வேலைக்குப் போயிருந்தவன் பெயர் அடியில் இல்லையென்றால் மேலே எதைச் சேர்ப்பது? இப்படி ஒரு வேலைக்கு எண்ணும்போது "இல்லாதவர்" என்று தனிப் பத்தி வைத்து, திரும்பியதும் முறையிட நாள் கொடுக்கவேண்டும்.

சட்டப்புள்ளி | ஜூன் 8, இரவு 9.50

இரண்டாவது கோளாறு நிலப் பதிவு. குடியுரிமை ஒரே உத்தரவில் முடிந்தது: 1955 குடியுரிமைச் சட்டம் ஏழாம் பிரிவு, புதிதாகச் சேரும் நிலப்பகுதியின் மக்களைக் குடிமக்களாக அறிவிக்கலாம். ஆனால் வயலுக்குக் கதியான் வேண்டும், நம் பட்டா மாதிரி. உள்ளே பல பத்தாண்டாக எந்த அரசும் பதிவு செய்யவில்லை. நிலம் கைமாறியது வெள்ளைத்தாளில், வாய்வார்த்தையில். நாட்டின் எல்லை ஒரே இரவில் தீர்ந்தது, வரப்பு எல்லைக்கு 2018 நவம்பரில் மேற்கு வங்கம் தன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது.

பாய்மரம் | ஜூன் 9, காலை 7.20

ஆக 111ம் 51ம், 162 துண்டும் தீர்ந்து வரைபடம் சுத்தமாகிவிட்டது.

எல்லைக்கல் | ஜூன் 9, காலை 7.55

இல்லை, ஒன்று மிச்சம். தஹாக்ராம்–அங்கர்போட்டா, இந்தியாவுக்குள் இருக்கும் வங்கதேசச் சிட்மஹல். 1974ல் அதற்குத் தனிப் பேரம்: தெற்கு பேருபாரியின் தென்பாதி, சுமார் 2.64 சதுர மைல், இந்தியாவோடு. பதிலுக்கு தஹாக்ராம் வங்கதேசத்தோடு. அதற்குப் போக 178 மீட்டருக்கு 85 மீட்டர் பாதை, தீன் பிகா, நிரந்தரக் குத்தகை. 1982ல் வாடகை வருஷம் ஒரு டக்கா (வங்கதேச நாணயம்) என்று நிர்ணயித்து, அதையும் வேண்டாம் என்று இந்தியா தள்ளுபடி செய்தது. இறையாண்மை இந்தியாவுடையது, நடக்கும் உரிமை அவர்களுடையது. அதனால் ஒப்படைப்பு அல்ல, திருத்தம் வேண்டாம் என்று 1990ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 1992 ஜூன் 26ல் திறந்தார்கள். ஆரம்பத்தில் பகலில் ஒருமணி விட்டு ஒருமணி. ராத்திரி பிரசவ வலி வந்தால் விடியும்வரை காத்திருக்கவேண்டும். 24 மணி நேரமும் என்று ஆனது 2011ல்.

மூன்று பிகா நிலம் என்பதால் அந்தப் பெயர்.

எல்லைக்கல் | ஜூன் 9, காலை 8.20

திருத்தம். 178ஐ 85ஆல் பெருக்கிப் பார்த்தேன், 15,130 சதுர மீட்டர். வங்காள பிகா சுமார் 1,338 சதுர மீட்டர். ஆக பதினொரு பிகாவுக்கு மேல் வருகிறது. பெயர் மட்டும் மூன்று.

குறுக்குக்கேள்வி | ஜூன் 9, காலை 8.24

அந்த எட்டு பிகாவை யார் கணக்கில் எழுதுவது?